பதினைந்து ஜோடிகள், பன்னிரண்டு படங்கள்

என் வயதுக்காரர்களே, இதை உங்களிடம் சொன்னால்தான் எடுபடும். ஓர் இட்லியைத் தின்று முடிப்பதற்குள் நாற்பது படம் எடுத்துத் தள்ளுகிற பிள்ளைகளிடம் போய், ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம்தான் விழும், காலைப் பிடித்தாலும் பதின்மூன்றாவது விழாது என்று சொன்னால், பாட்டிக்கு வயதாகிவிட்டது என்கிற பார்வைதான் பதில். உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கண்ணை மூடியிருந்தால் மூடியது மூடியதுதான். அதனால் ஒரு படம் எடுப்பதற்கு முன்னால் வீடே உட்கார்ந்து யோசிக்கும்.

எங்கள் வீடு ஹைதராபாத் பக்கம், லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பாவுக்குப் பட்டறையில் வேலை. காலையில் சங்கு ஊதினால் தெரு முழுக்க சைக்கிளாக ஓடும். அது ஓய்ந்ததும் ஒரு பெரிய அமைதி வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டறைப் பக்கமிருந்து காற்று வீசினால் கொடியில் காய்கிற துணியிலெல்லாம் கரியும் எண்ணெய் வாசனையும் ஏறும். அம்மா திட்டிக்கொண்டே உதறுவாள். எனக்கு அந்த வாசனை பிடிக்கும். இப்போதும் எங்காவது கிரீஸ் வாசனை அடித்தால் நான் பாவாடை சட்டையோடு கொடிக்குக் கீழே நிற்கிறேன்.

வீட்டில் ஆறு பேர். அப்பா, அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி, அண்ணன், நான், தம்பி. டைப்ரைட்டிங் படிக்க வந்த சித்தி எங்களோடு தங்கியிருந்தாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. தை மாதம் போய்விடுவாள். அது தெரிந்த நாளிலிருந்து நாங்கள் மூன்று பிள்ளைகளும் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிந்தோம். பெரியவர்கள் அரக்கோணத்துத் தமிழ் பேசினார்கள். அம்மா தமிழில் எதைக் கேட்டாலும் அண்ணன் ஊர் உருதுவில் "ஹவ்" என்று ஆமாம் போடுவான். தம்பி பேசிய முதல் வார்த்தையே "நக்கோ"தான் என்று அப்பா கேலி செய்வார். பால் நக்கோ, குளியல் நக்கோ, தூக்கம் நக்கோ. இத்தனைக்கும் எதையும் வேண்டாமென்று விட்டவனில்லை அவன்.

சித்தி போவதற்குள் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும் என்று முதலில் சொன்னது யார் என்று இப்போது ஞாபகமில்லை. சீதாப்பழக் காலம் அது. வீடெல்லாம் பழுத்த வாசனை. மூலைக்கு மூலை கறுப்புக் கொட்டைகள். அப்பாவோடு பட்டறையில் ஃபிட்டராக இருந்த சிநேகிதர் ஒருவர் உண்டு. சாஹிப் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வோம். அவரிடம் ஒரு பெட்டி காமிரா இருந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து, "சண்டே பூரா ரக் லேவ்" என்று அப்பா கையில் கொடுத்தார். ஞாயிறு முழுவதும் அது எங்களுடையது. அதற்குள் பிலிமும் போட்டிருந்தது.

உடனே சண்டை ஆரம்பித்தது. எல்லோரும் சேர்ந்து நின்றால் காமிராவை அமுக்க ஒருவர் வெளியே நிற்க வேண்டும். வெளியே நிற்பது யார்? யாரும் தயாரில்லை. அடுத்த வீட்டில் கொடுத்து அமுக்கச் சொல்லலாம் என்றால் அப்பா ஒப்பவில்லை. இரவல் சாமானை இன்னொரு கைக்கு மாற்றுவதாவது. தம்பி, தானும் சித்தியும் அண்ணனும் மட்டும் ஒரு படம் என்றான்.

"மூணு பேரா நிக்கக் கூடாது," என்றாள் அம்மா.

உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். மூன்று பேராகப் படம் எடுத்துக்கொண்டால் நடுவில் இருப்பவருக்கு ஆகாது. இரண்டு பேர் நிற்கலாம், நான்கு பேர் நிற்கலாம், மூன்று மட்டும் கூடாது. இதில் எனக்கு ஆச்சரியம் அப்பாதான். பல்லி விழுந்த பலன் பார்த்தால், பல்லிக்கு என்ன பலன் என்று கேட்கிறவர். ராகுகாலத்தில் வேண்டுமென்றே சைக்கிளை எடுப்பவர். பூனை குறுக்கே போனால் அதற்கும் ஏதோ அவசர வேலை இருக்கும் என்பவர். அவர் இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் காமிராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப ரெண்டு ரெண்டு பேரா எடுத்துடலாம். எல்லாரும் எல்லார்கூடவும் ஒரு தடவை," என்றார்.

அதற்கு எத்தனை படம் வேண்டும்? நான் கேட்டேன். யாருக்கும் சட்டென்று சொல்லத் தெரியவில்லை.

நான் வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே ஆறு பேரின் செருப்பும் கிடந்தது. ஒவ்வொருவருடையதிலும் ஒன்றை மட்டும் எடுத்துவைத்தேன். அப்பாவுடையது கனமானது, குதிகாலில் தேய்ந்தது. சித்தியுடையதில் பூப்போட்ட வார். தம்பியுடைய வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அப்பா செருப்புப் பக்கத்தில் அம்மா செருப்பு, பிறகு சித்தி செருப்பு, பிறகு அண்ணனுடையது என்று மாற்றி மாற்றி வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. வெயில் படியிறங்கிப் போய்விட்டது. ஆளில்லாமல் செருப்புகள் இரண்டிரண்டாக நிற்பதைப் பார்த்தால் அவை ஏதோ மெல்லப் பேசிக்கொள்வதுபோல இருந்தது. அப்பாவும் தம்பியும் இப்படித் தனியாக நின்று நான் பார்த்ததில்லையே, சித்தியும் அண்ணனும் தனியாக இருந்தால் என்ன பேசிக்கொள்வார்கள் என்றெல்லாம் யோசனை ஓடியது. ஒரே வீட்டுக்குள் இத்தனை வீடுகள் இருப்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முப்பது என்று போய்ச் சொன்னேன். ஆறு பேர், ஆளுக்கு ஐந்து துணை. அண்ணன் சிரித்தான். "நீ என் கூட, நான் உன் கூட. ரெண்டும் ஒரே போட்டோதானே, மண்டு." அப்படியானால் பாதி, பதினைந்து. சரிதான். ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நான் அம்மாவோடு நிற்பதும் அம்மா என்னோடு நிற்பதும் ஒன்றுதானா? இன்றுவரை எனக்கு அதில் ஒரு சந்தேகம் இருக்கிறது; கணக்கு வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும்.

பதினைந்து ஜோடி, பன்னிரண்டு படம். மூன்றைக் கழிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச்சு அதுதான்.

"எங்க ரெண்டு பேருக்கும் எதுக்கு? கல்யாணப் படம் இருக்கே," என்றாள் அம்மா. அப்பாவும் அம்மாவும் கழிந்தார்கள்.

"இவனுங்க ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் அடிச்சுக்காம நிப்பானுங்களா?" என்றார் அப்பா. அண்ணனும் தம்பியும் கழிந்தார்கள். அவர்களுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இன்னும் ஒன்று. எல்லோரும் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தோம். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "இவளும் நானும் எதுக்கு? இவதான் எப்பவும் என் முந்தானையிலயே இருக்காளே. இவகூட என்னிக்கு வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

அது என்னைப் பாராட்டியதுதான் என்று எனக்குப் புரிந்தது. அதனால் அழ முடியவில்லை. மோரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவினேன். பெரியவர்கள் எதை முதலில் விடுகிறார்கள் என்று நீங்கள் கவனித்திருப்பீர்கள். எப்போதும் இருக்கும் என்று நம்புவதைத்தான் விடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் பொன் போல விழுந்திருந்தது. பின்பக்கச் சுவரோரம் ஒரு நாற்காலியைப் போட்டார் அப்பா. சித்தி எல்லோருக்கும் பவுடர் பூசினாள். அப்பா நிற்க வேண்டிய படங்களுக்கு அண்ணன் அமுக்கினான். அவர்கள் இருவரும் நின்றதற்குச் சித்தி அமுக்கினாள். அம்மாவுக்கு மூன்று படம். சித்தியோடு ஒன்று, அண்ணனோடு ஒன்று, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று. அந்த மூன்றுக்கும் நான் கொடிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மா அரக்கு நிறப் புடவை கட்டியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டு, "கொசுவம் சரியா இருக்கா பாரு," என்பாள். நான் குனிந்து நீவிவிட்டு விலகி வருவேன். அந்தப் புடவை மடிப்பில் என் கை இருக்கிறது. படத்தில் நான் இல்லை.

கழுவக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் தீபாவளிக் கூட்டத்தில் இழுத்தடித்து, படங்கள் கார்த்திகையில்தான் வந்தன. அதற்குள் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மாவுக்குத் தாளிக்கிற வாசனை ஆகவில்லை. விடியற்காலையில் பின்கட்டில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்கும். சித்தி சமைத்தாள். தம்பியிடம், உனக்கு ஒரு பாப்பா வரப்போகிறது என்று சொன்னதும் அவன் தன் வழக்கமான வார்த்தையைச் சொன்னான். அம்மாவே அதற்குச் சிரித்தாள்.

படங்கள் வந்த சாயங்காலம் எல்லோரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். கை மாறிக் கை மாறிப் படங்கள் வந்தன. அண்ணன் எல்லாவற்றிலும் சிப்பாய் மாதிரி விறைத்திருந்தான். தம்பியை மடியில் வைத்திருக்கும் படம் அம்மா கைக்கு வந்தது. சிரித்துக்கொண்டே பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது. இடது கை விரல்களை மடக்கத் தொடங்கினாள். மடக்கினாள், நீட்டினாள், மறுபடி மடக்கினாள்.

"என்னக்கா?" என்றாள் சித்தி.

"அன்னிக்கே இருந்திருக்கு."

"எது?"

"புள்ள. இது ரெண்டு பேர் இல்ல. மூணு பேர்."

சித்திதான் மெதுவாகச் சொன்னாள். "நமக்கு அப்பத் தெரியாதே அக்கா."

"நமக்குத் தெரியாது. படத்துக்குத் தெரியுமே."

அம்மா எழுந்து போய்த் தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்தாள். தான் இருந்த மூன்று படத்தையும் நடுவில் நேராக வெட்டினாள். சித்தி ஒரு துண்டு, அண்ணன் ஒரு துண்டு. தம்பி மடியில் இருந்ததால் அவனை வெட்டி எடுப்பதற்கு வெகு நேரம் பிடித்தது. அவன் தோளில் அம்மாவின் விரல்கள் ஒட்டிக்கொண்டே வந்தன. அதை அவள் விட்டுவிட்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "பிலிம்லயும் இருக்குமில்ல?" என்று கேட்டாள்.

நான் அப்பா சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. நெகடிவ் உறையைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துத் தேடினார். நானும் பக்கத்தில் போய் நின்றேன். உங்களுக்கு ஞாபகமிருக்கும், நெகடிவில் எல்லாம் தலைகீழ். வெயில் கறுப்பு, நிழல் வெள்ளை. அம்மாவின் முகம் கறுத்து, தலைமுடி பஞ்சாக வெளுத்திருந்தது. இவ்வளவு வயதான அம்மாவை நான் முதல் தடவையாகப் பார்த்தேன். அந்தக் கிழவி என் அண்ணனுக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அப்பா கத்தரிக்கோலை வாங்கி அதையும் வெட்டினார்.

மறுநாள் சித்தி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன். பல்லிக்குச் சிரிக்கிற அப்பா இதற்கு ஏன் சிரிக்கவில்லை? சித்தி கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"உங்கம்மாகிட்ட கேக்கக் கூடாது. சரியா?" என்றாள். "உங்க அண்ணனுக்கு மேல ஒரு அக்கா இருந்தா. ஒரு வயசு முடிஞ்சதும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மூணு பேர் வேணாம்னு உங்கம்மா சொல்லியிருக்கா. உங்கப்பாதான் சிரிச்சிட்டு, நடுவுல உக்காத்தி வச்சு எடுத்தாரு. படம் வீட்டுக்கு வர்றதுக்குள்ள புள்ள காய்ச்சல்ல போயிடுச்சு."

காய்ச்சலுக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை என்று இப்போது நான் சொல்லுவேன். நீங்களும் சொல்லுவீர்கள். அப்பாவுக்கும் அது தெரிந்திருக்கும். தெரிந்து என்ன செய்ய? அவர் சிரித்த சிரிப்பு அந்த வீட்டில் இருந்துகொண்டே இருந்தது. மற்ற எல்லாவற்றுக்கும் அவ்வளவு சத்தமாகச் சிரித்தது இதை மூடத்தானோ என்று இந்த வயதில் தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது எண்ணுவது மட்டும்தான்.

எண்ணினேன். மூன்று படம். மூன்றிலும் அம்மா இருந்தாள். மூன்றிலும் பாப்பா இருந்தது. சித்தி, அண்ணன், தம்பி ஆளுக்கு ஒன்றில். நடுவில் இருந்தது யார் என்று எவ்வளவு யோசித்தும் புரியவில்லை. ஒரு சமயம் பாப்பா நடுவில் என்று தோன்றும், ஒரு சமயம் அம்மா. எப்படிப் பார்த்தாலும் ஒன்றிலும் இல்லாதவர்கள் அப்பாவும் நானும்தான். கழித்துவிட்ட ஜோடிகளில் போனோமே, அதனால் தப்பித்துவிட்டோம். எல்லோருக்கும் ஏதாவது ஆனால்கூட எங்கள் இருவருக்கும் ஒன்றும் ஆகாது. இந்த வீட்டில் இரண்டு செருப்பு மட்டும் கிடக்கும். ஒன்று பெரியது, குதிகாலில் தேய்ந்தது. இன்னொன்று என்னுடையது.

நீங்கள் சின்ன வயதில் பயந்திருப்பீர்கள். எனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம்தான் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு. எனக்கு வந்தது வேறு மாதிரி. எனக்கு ஒன்றும் ஆகாது என்கிற பயம்.

அந்த மாதங்கள் இப்போது நினைத்தால் தண்ணீருக்கடியில் நடந்தவைபோல இருக்கின்றன. பகலில் அம்மா படுத்திருப்பாள். ஓட்டில் அணில் ஓடும். பீரோக் கண்ணாடிக்கு முன்னால் அவள் தலை வாரும்போது நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் ஒட்டி நிற்பேன். கண்ணாடியில் இரண்டு பேர் தெரிவோம். பிறகு அவள் வயிற்றைப் பார்ப்பேன், மூன்று பேர். அம்மா சீப்பை நிறுத்திவிட்டு என்னைக் கண்ணாடிக்குள்ளாகவே பார்ப்பாள். "என்னடி?" என்பாள். ஒன்றுமில்லை என்பேன். ரயில் தண்டவாளத்தருகே நின்று, ஷண்டிங் இன்ஜின் வேகன்களைக் கோப்பதையும் கழற்றுவதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். எது எதோடு சேர்ந்தது என்று அவற்றுக்குக் கவலையே இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கும்.

தை மாதம் அரக்கோணத்தில் சித்தி கல்யாணம். போட்டோக்காரர் வந்திருந்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க, பக்கத்தில் வந்து நில் என்று எல்லோரும் அம்மாவைக் கூப்பிட்டார்கள். அம்மா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள். மணமக்கள் இரண்டு பேர், அம்மா, வயிற்றுப் பிள்ளை. நான்காகிறதே என்று நான்கூட அவள் காதில் சொன்னேன். "வேணாம்டி, எனக்கு எண்ணத் தெம்பு இல்ல," என்றாள். வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி, "தங்கச்சிக்குப் பெரிய எடம் வாய்ச்சுடுச்சுல்ல, அதான் அக்காக்காரிக்கு முகம் தொங்குது," என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். அந்தப் பேச்சு அந்தக் குடும்பத்தில் வெகுகாலம் ஓடியது. அம்மா ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. அப்பாதான் பந்தியிலிருந்து எழுந்துவந்து, படமே எடுத்துக்கொள்ளாமல் கடைசிவரை அம்மா பக்கத்தில் தூண் மறைவில் நின்றார்.

சித்தி இல்லாமல் ஹைதராபாத் திரும்பினோம். வீட்டில் ஒருத்தி குறைந்தாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் செருப்பை வைத்துப் பார்த்தேன். பதினைந்து, பத்தாகியிருந்தது. ஒருத்தி போனால் ஒருத்தி மட்டும் போவதில்லை. ஐந்து ஜோடி போகிறது. அண்ணனை யார் கிள்ளுவது, அம்மாவிடம் யார் அக்கா என்று கொஞ்சுவது? நான் பிறப்பதற்கு முன்னால் போன அந்த அக்கா எத்தனையைக் கொண்டு போயிருப்பாள் என்று எண்ணப் பார்த்தேன். அப்பாவும் அவளும், அம்மாவும் அவளும், அண்ணனும் அவளும், தம்பியும் அவளும், நானும் அவளும். என் பங்குக்கு ஒன்று என்னிடமிருந்தும் போயிருந்தது. பார்த்தேயிராத ஒருத்திக்காக அன்று நான் அழுதேன்.

மாம்பழம் வந்தது. மாம்பழம் போயிற்று. ஆனி மாதம் முதல் மழை பெய்து மண் கிளர்ந்திருந்த ஒரு காலையில் அம்மாவை ரயில்வே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். மதியம் நானும் அப்பாவும் கஞ்சிக் கேரியரோடு சைக்கிளில் போனோம். அண்ணனும் தம்பியும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். உள்ளே விடவில்லை; வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். நனைந்த வேப்பம்பழம் காலடியில் நசுங்கி மணத்தது. அப்பாவின் பெருவிரல் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுவதைப் பார்த்தேன். இவரும் எண்ணுகிறார் என்று எனக்குப் பட்டது.

"அப்பா," என்றேன். "நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆவாது இல்ல?"

"என்னம்மா?"

"அந்தப் படத்துல நாம ரெண்டு பேர்தான் இல்ல. நாம மட்டும் இருப்போம்."

அப்பா என் முகத்தையே பார்த்தார். பிறகு கேரியரைக் கீழே வைத்துவிட்டு என்னை இழுத்துத் தன் தோளோடு அணைத்துக்கொண்டார். அவர் சட்டையில் பட்டறை வாசனை. தமிழ் தவிர வேறெதுவும் வீட்டில் பேசாத மனிதர், தம்பியின் வார்த்தையில் சொன்னார். "அப்படி மிஞ்சறது நமக்கு நக்கோம்மா. நக்கோ." அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தோமோ. ஒரு நர்ஸம்மா வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் நலம் என்றார். அப்பா எழுந்து நின்று அந்த அம்மாவுக்குக் கும்பிடு போட்டார். கேரியரை எடுக்க மறந்து உள்ளே போனார். நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

இப்போது வீட்டில் மறுபடியும் ஆறு பேர். மறுபடியும் பதினைந்து ஜோடி. எண் அதேதான், ஆனால் அதே பதினைந்து இல்லை. சித்தியோடு போனவை ஐந்து. பாப்பாவோடு வந்தவை ஐந்து. ஒன்றுக்கு ஒன்று ஈடாகவில்லை. ஆனாலும் வீடு நிறைந்துதான் இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாஹிப் குழந்தையைப் பார்க்க வந்தார். பேரீச்சம்பழப் பொட்டலமும், துணிப்பையில் காமிராவும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் எடுத்தது போக ஒரு படம் மிச்சம் இருக்கிறது, குழந்தையை எடுத்துத் தருகிறேன் என்றார். அப்பா அவசரமாக, "வேணாம் சாஹிப்," என்றார். "கைக்கு?" என்று சாஹிப் தன் உருதுவில் ஏன் என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். இத்தனை மாதம் மென்று விழுங்கியது வந்துவிட்டது. "எல்லார்கிட்டயும் அம்மாகூட எடுத்ததுல பாதியாவது இருக்கு. எனக்கு அதுகூட இல்ல."

அம்மா குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்துத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தட்டுவதை நிறுத்தினாள். "வாடி," என்றாள்.

அப்பா ஓடிவந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். நானும் அம்மாவும் பின்பக்கச் சுவரோரம் நின்றோம். மழை விட்ட வெளிச்சம். சுவர் ஈரமாக இருந்தது. இரண்டு பேர் மட்டும். கணக்குச் சரியாக இருந்தது. நான் அம்மாவின் இடுப்போடு ஒட்டிக்கொண்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காமிராவுக்குப் பின்னால், கொடிக்குப் பக்கத்தில், குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றார். யாரோ பிடுங்க வருகிற மாதிரி.

"குடுங்க அவளை," என்றாள் அம்மா.

"மூணு பேராயிடும்."

"ஆவட்டும். ஒருத்தர விட்டுட்டு எடுத்தது போதும்."

அப்பா நகரவில்லை. அம்மாவே போய்க் குழந்தையை வாங்கிவந்தாள். பழையபடி நின்றாள். குழந்தை எங்கள் இருவருக்கும் நடுவில், அம்மாவின் வலது கையில் இருந்தது. அம்மா குனிந்து பார்த்தாள். பிறகு குழந்தையை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். வலது கையால் என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் பாப்பா.

"நடுவுல இருக்கறவங்களுக்குத்தானே," என்றாள். "நடுவுல நான் இருக்கேன்."

"பேச்சைக் கேளு," என்றார் அப்பா.

"நீங்களே எடுங்க. சாஹிப்கிட்ட இருந்து வாங்குங்க. நீங்கதான் எடுக்கணும்."

சாஹிப் ஒன்றும் புரியாமல் காமிராவை நீட்டினார். அப்பா வாங்கினார். வெகு நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அமுக்கினார்.

அந்தப் படம் என் மேஜைமேல் இருக்கிறது. அதில் பாப்பா தூங்குகிறாள். நான் காமிராவைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்க்கிறேன். மூன்று பேரில் நேராகப் பார்ப்பது அவள் ஒருத்திதான். யார் வந்தாலும் முதலில் என்னைத் தாண்டிப் போகட்டும் என்று சொல்கிற மாதிரி.